குறைதிறன் லேசர் சிகிச்சை: நெல்லை வாசகர்களுக்கு ஒரு பிசியோதெரபிஸ்டின் பதில்கள்

முக்கூடலிலிருந்து பீடி சுற்றும் ஓர் அம்மா: இருபது வருடமாகச் சொளவை மடியில் வைத்துக் குனிந்தே பீடி சுற்றுகிறேன். கழுத்து வலிக்கு லேசர் வைக்கச் சொல்கிறார்கள். சுடுமா, அண்ணாச்சி? வெறும் வெளிச்சம் வலியைக் குறைக்குமா?

சுடாது, அம்மா. அறுவை சிகிச்சை லேசர்தான் திசுவைச் சுட்டு வெட்டும். இந்தக் குறைதிறன் லேசரின் திறன் பெரும்பாலும் 500 மில்லிவாட்டுக்குள் அடங்குவதால், கருவியின் முனை தோலில் படுவது மட்டுமே தெரியும். 600 முதல் 1000 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட சிவப்பு, அகச்சிவப்பு ஒளி தோலைக் கடந்து செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவை எட்டுகிறது. அங்குள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி அந்த ஒளியை உறிஞ்சும்போது, நொதியை மறித்துக்கொண்டிருந்த நைட்ரிக் ஆக்சைடு விலகி, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி கூடுதலாக உருவாகிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அழற்சியும் தணிகிறது. நாள்பட்ட கழுத்து வலியில் சிகிச்சை முடிந்து 22 வாரங்கள் வரை பலன் நீடித்ததாக 2009இல் லான்செட் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. ஆயினும் நாள் முழுவதும் தாடை நெஞ்சைத் தொடக் குனிந்தே இருந்தால் வலி திரும்பிவிடும். சொளவை ஒரு மணைப்பலகை மேல் உயர்த்தி வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தோளைச் சுழற்றுங்கள். இதை நான் லேசருக்கு இணையாகவே மதிக்கிறேன்.

பத்தமடையில் பாய் நெய்பவர்: கட்டைவிரல் தசைநாரில் வலி. லேசரைக் கூடுதல் நேரம் வைத்தால் சீக்கிரம் ஆறுமா?

ஆறாது. நாற்றங்காலில் தண்ணீர் கட்டி நின்றால் நாற்று அழுகுவதைப் போல, அளவு மீறிய ஒளி செல்லின் வேலையைத் தூண்டாமல் அடக்கிவிடும். அதனால்தான் ஒளியின் ஆற்றலை ஜூல் என்ற அலகில் அளந்து கொடுக்கிறோம்.

அம்பாசமுத்திரம் விவசாயி: சர்க்கரை நோயால் வந்த கால் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. லேசர் உதவுமா?

1967இல் ஹங்கேரியின் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், மழித்த சுண்டெலிகளின் மேல் லேசர் பட்ட இடத்தில் முடி விரைந்து வளர்வதைக் கண்டார். பின்னர் ஆறாத புண்களிலும் அதைப் பயன்படுத்தினார். புண் ஆறத் தேவையான கொலாஜன் என்ற புரதம் உருவாவதற்கு இவ்வொளி துணைபுரிகிறது. ஆனால் உங்களுக்கு முதலில் தேவை இரத்த ஓட்டப் பரிசோதனை, சர்க்கரைக் கட்டுப்பாடு, புண்ணில் பாரம் விழாத செருப்பு. புண் கறுத்தாலோ நாற்றம் அடித்தாலோ அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பாளையங்கோட்டை வாசகி: அம்மாவுக்கு வாய்ப் புற்றுநோய், கதிர்வீச்சு தொடங்கப் போகிறது. லேசரே கூடாது என்கிறார்களே?

கட்டியின் மேல் நேரடியாக வைக்கக் கூடாது என்பது சரியே. ஆனால் தலை, கழுத்துக் கதிர்வீச்சின்போது வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க, சர்வதேச வழிகாட்டுதல்கள் குறிப்பிட்ட அளவுகளில் இதைப் பரிந்துரைக்கின்றன. கதிர்வீச்சு தொடங்கும் முன்பே புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும். சிகிச்சையின்போது அம்மாவும் சிகிச்சையாளரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும்.