“இதே மெரூன் போன மாசமும் வாங்கினீங்களே, அத்தை”

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 63. குன்னூரில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் தையலும் பின்னலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதியவர். மகன், மருமகள், ஐந்து வயதுப் பேரன், எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். வெளியில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் ஒரு வருடமாக மனசு ஆறவில்லை.

எனக்கு உல்லன் நூல் என்றால் உயிர். கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்தது. புது நூல்கண்டைப் பிரித்து கன்னத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்கு அன்றைய நாள் நன்றாக இருக்கும். வீட்டில் இப்போது ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு சூட்கேஸ், கட்டிலுக்கு அடியில் நாலு பை, ஒரு பழைய அரிசி டிரம், எல்லாவற்றிலும் நூல்தான். எடை போட்டால் 20 கிலோ வரும். கேஷ்மிலான் என்ற செயற்கை நூல்தான் அதிகம், கொஞ்சம் நல்ல கம்பளியும் உண்டு. அந்துருண்டை, வேப்பிலை எல்லாம் போட்டு ஒரு பூச்சி அண்டாமல் வைத்திருக்கிறேன். என் சொந்த பென்ஷனில் வாங்குகிறேன். யாரிடமும் கை நீட்டவில்லை.

மருமகள் நல்ல பெண்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போன தீபாவளிக்கு என் நாத்தனார் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, பார்சலைப் பிரித்த என்னைப் பார்த்து, “அத்தை, இதே மெரூன் போன மாசமும் வாங்கினீங்களே, மறந்துட்டீங்களா?” என்று கேட்டாள். அத்தனை பேர் முன்னால். நான் என்ன வாங்குகிறேன் என்று கணக்கு வைக்கிறாள் என்றுதானே அர்த்தம்? அதோடு நிற்கவில்லை. நான் கோவைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது என் பைகளை எல்லாம் பிரித்து, கலர் கலராக அடுக்கி, ஒவ்வொரு பையிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள். கலர், எத்தனை கட்டு, லாட் நம்பர் உட்பட. நான் 40 வருடமாக வைத்திருக்கும் நூல். என்னைக் கேட்காமல் தொடலாமா? அன்றிலிருந்து பார்சலைப் பக்கத்து வீட்டு முகவரிக்கு வரவழைக்கிறேன்.

மகன் சொல்வதும் அப்படித்தான். “ஆரம்பிச்சதை முடிச்சுட்டு அடுத்தது வாங்கும்மா” என்கிறான். எத்தனையோ குழந்தைகளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவளிடம் இப்படிப் பேசுகிறான். பேரனுக்கு நீல ஸ்வெட்டர் பின்பக்கம் அக்குள் வரைக்கும் வந்துவிட்டது. இவருக்குச் சாம்பல் கலரில் கையில்லாத ஸ்வெட்டர், அதுவும் அக்குள் வரைக்கும். தோழியின் பேத்திக்குக் குல்லா, உச்சி மட்டும் பாக்கி. அந்தக் குழந்தை இப்போது நடக்கிறது. எனக்கு ஒரு ஜோடி சாக்ஸ், குதிகால் வரைக்கும். இன்னும் இரண்டு மூன்று இருக்கின்றன. முடிக்காமல் இல்லை, மஃப்ளர் மட்டும் இந்த வருடம் நாலு முடித்தேன். அதை யாரும் எண்ணுவதில்லை. ஒரே நேரத்தில் ஏழு எட்டு ஊசியில் ஏற்றி வைப்பது பின்னுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தானே மேடம்? ஒன்று சலித்தால் இன்னொன்றை எடுப்போம்.

பின்னலை மதிக்கிறவர்களே இப்போது குறைந்துவிட்டார்கள். ஊட்டிக்குப் போனால் ரெடிமேட் ஸ்வெட்டர் குவிந்து கிடக்கிறது, யாருக்குக் கையால் பின்னியது வேண்டும்? பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும் ஆசையாக வந்து இலை டிசைன் கேட்டாள். 30 வருடம் புத்தகம் பார்க்காமல் சொல்லிக்கொடுத்தது. எட்டாவது வரிசைக்கு மேல் வரவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். என் அம்மாவுக்கும் 65 வயதில் 21 புள்ளிக் கோலம் பாதியில் நின்றதைத்தான் நாங்கள் முதலில் கவனித்தோம். அதை விடுங்கள், நான் சொல்ல வந்தது வேறு. மருமகள் அந்தப் பெண்ணிடம், “அத்தைக்கு இப்போ முடியல, அப்புறம் வாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எனக்காகப் பேச இவள் யார்?

என் சந்தோஷத்தை ஏன் இவர்கள் குற்றமாகப் பார்க்கிறார்கள்? நூல் சேர்ப்பது ஒரு நோயா? மருமகளிடம் எப்படிப் பேசினால் என் பைகளைத் தொடமாட்டாள்? சொல்லுங்கள் மேடம்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குன்னூர்

*

அன்புள்ள சகோதரி,

நூல் சேர்ப்பது நோய் இல்லை. என் அம்மா பின்னுவார். இரண்டு கையையும் நீட்டி நூல் சிட்டத்தைத் தாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் அவர் எதிரில் உட்கார்ந்து வளர்ந்த பெண் நான். வாங்குவது ஒரு சந்தோஷம், பின்னுவது இன்னொரு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். உங்கள் பென்ஷன், உங்கள் நூல். கடன் இல்லை, வீட்டுச் செலவில் கை வைக்கவில்லை. பல வேலையை ஒரே நேரத்தில் ஊசியில் ஏற்றி வைப்பதும் பின்னுகிறவர்களின் வழக்கம்தான். இந்தக் கேள்விகளுக்கு இவ்வளவு போதும்.

‘அதை விடுங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மருமகளைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் கோலத்துக்கு ஒரே ஒரு வரி. அந்த வரிக்கு அப்புறம் அம்மா என்ன ஆனார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் அழுதிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எண்ணி எண்ணி இழுத்த கை புள்ளிகளுக்கு நடுவில் நின்றதை வாசலில் நின்று பார்த்த மகள் நீங்கள். இப்போது எட்டாவது வரிசையில் உங்கள் கை நின்றபோது அந்த வாசல் ஞாபகம் வராமல் இருக்குமா? மூன்று நாள் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வருடமாக மனசு ஆறாததற்குக் காரணம் தீபாவளியன்று நாத்தனார் முன்னால் கேட்ட கேள்வி மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கவனிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நின்றுபோன வேலைகள் எங்கே நிற்கின்றன? பேரனின் ஸ்வெட்டர் அக்குள் வரைக்கும். அதற்கு மேல் இரண்டு பக்கமும் கண்ணிகளை மூடி, வரிசை விட்டு வரிசை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். குல்லா உச்சியில் நிற்கிறது. அங்கே மொத்தக் கண்ணியையும் பங்கு பிரித்துக் குறைக்க வேண்டும். சாக்ஸ் குதிகாலில் நிற்கிறது. பின்னலிலேயே கணக்கு அதிகம் கேட்கும் இடம் அது என்று என் அம்மா சொல்வார். மஃப்ளர் நாலும் முடிந்துவிட்டது. மஃப்ளருக்கு முதல் வரிசையில் எண்ணினால் போதும், அப்புறம் போய்க்கொண்டே இருக்கலாம். உங்களுக்கு ஒரு வேலையும் சலிக்கவில்லை சகோதரி. எண்ண வேண்டிய இடம் வரும்போது ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் புதுக் கண்டு ஒன்றைப் பிரிக்கிறீர்கள். தொடக்க வரிசைகளில் கை பழகியவர்கள் தடுமாறுவதில்லை.

20 கிலோ நூலில் பெரியவர்களுக்கு 40 ஸ்வெட்டர் பின்னலாம். ஒவ்வொரு பார்சல் வரும்போதும் ‘இன்னும் இத்தனை பின்னுவேன், என் கையும் நினைவும் இருக்கும்’ என்று ஒரு தைரியம் வருகிறது போலிருக்கிறது. அந்தத் தைரியத்தைக் குறை சொல்லமாட்டேன். அது ஒரு வாரம் தாங்கினால் அதிகம்.

இனி, உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்கிறேன். மருமகள் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை.

எல்லோர் முன்னாலும் கேட்டது தவறு. தனியாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பைகளைத் திறந்ததும் சரியில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். “எவ்வளவு செலவு பண்றீங்க” என்று கேட்கவில்லை. “மறந்துட்டீங்களா?” என்றுதான் கேட்டாள். வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். உங்கள் மகன் வேலையை முடிக்கச் சொன்னதோடு சரி. கணவர் கவனித்ததாக நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை.

அந்தச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். நூலைத் தூக்கிப் போட நினைப்பவள் லாட் நம்பரை எழுத மாட்டாள். ஒரே கலர் என்று வாங்கினாலும் லாட் மாறினால் சாயம் ஒரு சாயல் மாறும், ஸ்வெட்டரின் நடுவில் கோடு விழும். அது பின்னத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது என்றால், உங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் கற்றிருக்க வேண்டும். எந்தப் பையில் எது இருக்கிறது, எத்தனை கட்டு என்று நீங்கள் பார்த்தவுடன் தெரியட்டும், அதே மெரூனை மூன்றாம் முறை வாங்கிவிட்டு எல்லோர் முன்னாலும் கூசிப்போக வேண்டாம் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். எனக்கு அப்படித்தான் படுகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பிவைத்ததும் அதே காரணத்துக்காகத்தான் இருக்கும். உங்கள் விரல்கள் நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். பார்சலைப் பக்கத்து வீட்டுக்கு வரவழைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். செலவை மறைக்க உங்களுக்கு அவசியமே இல்லை. ‘மறந்துவிட்டேன்’ என்பதைத்தான் மறைக்கிறீர்கள், அதுவும் கண்டுபிடித்து உதவக்கூடிய ஒரே ஆளிடம் இருந்து.

உங்களுக்கு மறதி நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பேசிக்கொண்டே பின்னும்போது எண்ணிக்கை விட்டுப்போவது எல்லோருக்கும் நடப்பது. டிரங்குப் பெட்டி நிறைய நூல் வைத்திருப்பவர் ஒரே கலரை இரண்டு முறை வாங்குவதும் அதிசயம் இல்லை. ஆனால் 30 வருடம் கையில் ஊறிய டிசைன் மூன்று நாள் ஆகியும் வரவில்லை என்பதை டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, தூக்கமின்மை, வெளியில் தெரியாத மனச்சோர்வு, இவை ஒவ்வொன்றும் ஞாபகத்தைக் குழப்பும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் உண்டு. கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தால் கருநீல நூலில் கண்ணி சரியாகத் தெரியாது. அப்புறம், பயந்த மனசால் எண்ண முடியாது. ‘இதோ விட்டுப்போகப்போகிறது’ என்று நினைத்துக்கொண்டே 88 கண்ணி எண்ணிப் பாருங்கள், 30 வயதுக்காரிக்கும் விட்டுப்போகும்.

அம்மாவுக்கு வந்தால் மகளுக்கும் வந்தே தீரும் என்று கிடையாது. வாய்ப்பு ஓரளவு கூடும் என்பது உண்மை, அதை மறைக்கமாட்டேன். ஒருவேளை டாக்டர் வேறு ஏதாவது சொன்னாலும், இப்போதே தெரிந்துகொள்வதற்கும் கடைசியில் எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. உங்கள் அம்மா காலத்தில் அதை ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிட்டோம். நீங்கள் அப்படி விட வேண்டியதில்லை. முதலில் வழக்கமாகப் போகும் பொது மருத்துவரிடம் போங்கள். ரத்தப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் செய்த பிறகு, தேவை என்று அவர் சொன்னால் கோவையில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணி எண்ண, 20 கண்ணிக்கு ஒரு முறை வேறு கலரில் நூல் வளையம் போட்டுக்கொள்ளலாம். இது ஆசிரியையான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உங்கள் மாணவிகளுக்கு நீங்களே சொல்லியிருப்பீர்கள். அதை உங்களுக்கும் செய்துகொள்ளக் கூச்சப்பட வேண்டாம். வளையம் போட்டால் கணக்கு சரியாகிவிடுகிறது என்று டாக்டரிடம் போவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

போகும்போது மருமகளை அழைத்துப் போங்கள். அதற்கு முன்னால் அந்தக் கோலத்தைப் பற்றி அவளிடம் சொல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது ‘எப்போதிலிருந்து’ என்றுதான். முதல் மெரூன் எந்த மாதம் வந்தது, இரண்டாவது எந்த மாதம் வந்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.