கல்லைக் கொட்டி மரம் நட வைத்தவர்

கேள்வி: இயற்கை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு பற்றிப் பேசும் ஓவியர், சிற்பிகளில் உங்களைக் கவர்ந்தவர் யார்?

ஜெர்மனியின் யோசப் பாய்ஸ். அவர் செய்தது எல்லாமே பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். செத்த முயலை ஏந்திக்கொண்டு அதற்கு ஓவியங்களை விளக்கினாரே, அதெல்லாம் எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. ஆனால் காசெல் நகரத்தில் அவர் தொடங்கிய '7000 ஓக் மரங்கள்' விஷயமே வேறு.

1982இல் அங்கே டாக்குமென்டா கலைக் கண்காட்சி. மற்றவர்கள் படைப்பைக் கொண்டுவந்து வைக்க, இவர் அருங்காட்சியகத்துக்கு எதிரே இருந்த திடலில் பசால்ட் எனும் எரிமலைப் பாறையாலான 7000 கல் தூண்களைக் கொண்டுவந்து குவித்துவிட்டார். நிபந்தனை ஒன்றுதான்: ஊருக்குள் ஒரு மரம் நட்டால், குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து அதன் பக்கத்தில் ஊன்றலாம். வேறு எதற்கும் கல்லைத் தொடக் கூடாது. குவியல் போக வேண்டுமா, மரத்தை நடு! ஊரின் நடுவே இப்படியொரு கல்மேடா என்று பலருக்கும் எரிச்சல். கார் நிறுத்த இடம் போகிறதே என்று வேறு புலம்பல். அந்த எரிச்சலையும் சேர்த்துத்தான் அவர் கணக்குப் போட்டிருப்பார் என்பது என் எண்ணம்.

கன்று நட்டு, போட்டோ எடுத்து, மறுநாள் மறந்துவிடும் விழாக்களுக்கும் இதற்கும் வித்தியாசம் அந்தக் குவியல்தான். இன்னும் எத்தனை பாக்கி என்பதை யாரும் மறைக்க முடியாது, நடுத்திடலில் கிடக்கிறது.

பணத்துக்கு, ஒரு மரமும் கல்லும் சேர்த்து 500 மார்க் (அப்போதைய ஜெர்மன் நாணயம்) நன்கொடை. அதுவும் போதாமல், ரஷ்ய மன்னர் இவானின் கிரீடத்தைப் போலச் செய்த தங்கக் கிரீடம் ஒன்றை எல்லோர் முன்னிலையிலும் உருக்கி, முயல் பொம்மையாக வார்த்து விற்றார். (மறுபடியும் முயல்! மனிதர் விடவே இல்லை.)

1986 ஜனவரியில் பாய்ஸ் இறந்துவிட்டார். கடைசி மரத்தை 1987இல், அடுத்த டாக்குமென்டாவின்போது, அவர் மகன் நட்டார்.

எனக்குப் பிடித்தது மரமும் கல்லுமான அந்த ஜோடிதான். நட்ட அன்று கன்று ஒல்லிக்குச்சி, பக்கத்தில் நாலடிக் கல் கம்பீரமாக நிற்கும். கல் வளராது. நாற்பது வருஷத்தில் மரம் பருத்து ஓங்க, கல் அதன் காலடியில் சின்னதாகிவிட்டது. படைப்பு முடிந்தபின்னும் அதன் உருவம் மாறிக்கொண்டே இருக்கிறது. வெண்கலச் சிலையில் இது நடக்குமா?

ஒன்று, பெயரைப் பார்த்து எல்லாமே ஓக் என்று நினைக்க வேண்டாம். தெருவுக்கும் மண்ணுக்கும் ஏற்றபடி லிண்டன், மேப்பிள், ஆஷ் என்று பல வகை நட்டிருக்கிறார்கள். பாய்ஸ் திட்டத்து மரமா என்று தெரிய, மரத்தடியில் கல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.