அப்பாவின் ஆம்ப்ளிஃபையரும் ஆக்டிவ் ஸ்பீக்கரும்

வணக்கம். புதிதாக வாங்கிய ஆக்டிவ் ஸ்பீக்கரை, அப்பாவின் பழைய 50 வாட் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் டெர்மினலில் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாட்டாதீர்கள். 8 ஓமில் 50 வாட் என்றால் அங்கே 20 வோல்ட் வரை வரும். ஆக்டிவ் ஸ்பீக்கருக்குள் ஆம்ப்ளிஃபையர் ஏற்கெனவே இருக்கிறது. அதன் உள்ளீடு எதிர்பார்ப்பது ஒன்றிரண்டு வோல்ட்தான். சர்க்யூட்டே எரிந்துபோகலாம்.

ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கம் ‘ப்ரீ அவுட்’ (வால்யூமுக்குப் பிறகு, பவர் பகுதிக்கு முன்பு சிக்னலை எடுக்கும் வெளியீடு) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கவலையில்லை, ஸ்பீக்கரை அதில் மாட்டலாம். ‘டேப் அவுட்’ (டேப்பில் பதிவு செய்வதற்கான வெளியீடு) மட்டும்தான் என்றால் அதிலும் கேட்கலாம், ஆனால் ஆம்ப்ளிஃபையரின் வால்யூம் வேலை செய்யாது. ஸ்பீக்கரின் வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள்.

அப்பாவின் ஆம்ப்ளிஃபையர் பாடுவதுதான் முக்கியம் என்றால், இந்த ஆக்டிவ் ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே ஆம்ப்ளிஃபையர் இல்லாத பாஸிவ் ஸ்பீக்கர் ஜோடி வாங்குங்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.