"பாவம்ங்க" என்றால் எத்தனை மதிப்பெண்?

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கிறேன். ஊரில் 40 வீடுகளில் கேட்டேன். மனநோய் உள்ளவர்களைப் பற்றி எல்லாருமே "பாவம்ங்க" என்கிறார்கள். எங்கள் ஊரில் ஒதுக்குதல் இல்லை என்று எழுதலாமா? (கொழிஞ்சாம்பாறை)

பதில்: அவசரப்படாதீர்கள். மனநோய் உள்ளவர்களை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று அளக்க, டெய்லர், டியர் என்ற ஆய்வாளர்கள் 1981இல் வகுத்த 40 வாக்கிய அளவுகோலில் இரக்கம் ஒரு பகுதி; தள்ளி வைக்கும் எண்ணம் தனிப் பகுதி. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருக்கலாம். அதனால் படிப்படியாகக் கேளுங்கள்: பக்கத்து வீட்டில் இருக்கலாமா? கூட வேலை செய்யலாமா? வீடு வாடகைக்கு விடுவீர்களா? பெண் கொடுப்பீர்களா? வேலந்தாவளத்தில் ஒரு டீக்கடைக்காரர் என்னிடம் மூன்று முறை "பாவம்ங்க" சொன்னார். மாடி போர்ஷனை அப்படி ஒருவருக்கு விடுவீர்களா என்றதும் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "வீட்ல கேக்கோணுங்க" என்றார். எழுத வேண்டிய பதில் அதுதான்.

தன்னைப் பற்றிக் கேட்டால் யாரும் நல்லவராகத்தான் பேசுவார். "உங்க ஊர்க்காரங்க பெண் கொடுப்பாங்களா?" என்றும் கேட்டுப் பாருங்கள். 1987இல் புரூஸ் லிங்க் என்ற ஆய்வாளர் பயன்படுத்திய அளவுகோல் இந்த வழியில் போவதுதான்.

கேள்வி: கேள்வித்தாளில் 'மனநோய்' என்று போட்டால் போதுமா? (கோபாலபுரம்)

பதில்: போதாது. அந்தச் சொல் கல்லூரிப் பையனுக்கு மனச்சோர்வு, அவன் பாட்டிக்குச் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறவர். 'பிராந்து' (மலையாளத்தில் பைத்தியம்) என்று போட்டாலோ சிரிப்புதான் வரும். (இந்தப் பக்கம் கேலி செய்யச் சென்னை மனநல மருத்துவமனைக்குப் பெயரான கீழ்ப்பாக்கமும் உண்டு, கோழிக்கோட்டு மனநல மருத்துவமனை இருக்கும் குதிரவட்டமும் உண்டு. இதே பாலக்காடு ஜில்லாவில் கதைகளில் வரும் 'பைத்தியக்கார' ஞானி நாராணத்துப் பிராந்தனைக் கும்பிட ராயிரநல்லூர் மலையும் ஏறுவோம்!) நோயின் பெயரே இல்லாமல் ஓர் ஆளை விவரியுங்கள்: வயது 30, ஆறு மாதமாக வேலைக்குப் போவதில்லை, தனியாக முணுமுணுக்கிறார், சோற்றில் யாரோ விஷம் வைப்பதாகச் சொல்கிறார். பாதிப் பேருக்கு அவர் ஆண், மீதிப் பேருக்குப் பெண். மலையாளத்தில் ஆக்கினால், மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு திரும்பத் தமிழாக்கி ஒப்பிடுங்கள்.

கேள்வி: மனநோய் உள்ளவர்களோடு பழகியதையும் இனிப் பழகும் எண்ணத்தையும் கேட்கும் ரிப்ஸ் (RIBS) அளவுகோலின் எட்டுக் கேள்விகளையும் கூட்டிவிடலாமா? (சித்தூர்)

பதில்: கூடாது. முதல் நான்கும் பழகியதுண்டா, கூட இருந்ததுண்டா என்ற விவரம் மட்டுமே. இனிப் பழகுவீர்களா என்று கேட்கும் பின் நான்கைக் கூட்டுங்கள்; 4 முதல் 20 வரை வரும். மதிப்பெண் கூடக் கூட, பழகும் மனம் அதிகம் என்று பொருள்.

கேள்வி: விழிப்புணர்வு வகுப்பு முடிந்த கையோடு கேட்டோம், மதிப்பெண் ஏறியிருக்கிறது. வெற்றிதானே, சார்? (வாளையார்)

பதில்: சொல்லிக்கொடுத்த பதில் மறுநாள் வரைக்கும் நிற்கும். ஆறு மாதம் கழித்து, வகுப்பு எடுக்காத வேறு ஆளை அனுப்பிக் கேளுங்கள். வகுப்பே நடக்காத பக்கத்து வார்டிலும் அதே நாளில் கேட்டு வையுங்கள்.