சிக்னலில் ‘டி’ (டிரைவ்) நிலையில் நிற்கும்போது ஆட்டோமேட்டிக் காரின் எஞ்சின் ஏன் அணைவதில்லை?

சிங்கப்பூரில் ஆட்டோமேட்டிக் கார் மட்டும் ஓட்டுவதற்கான 3ஏ லைசன்ஸ் எடுத்திருக்கிறீர்கள், கிளட்ச் மிதியே இல்லாத காரில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது எஞ்சின் எப்படித் தொடர்ந்து ஓடுகிறது என்று கேட்கிறீர்கள். காக்கி புக்கிட் ஒர்க்‌ஷாப்பில் பல வருடம் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றியவன் என்பதால் சொல்கிறேன்.

அந்த நேரத்தில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது எண்ணெய் மட்டும்தான். நடுவில் டோனட் வடிவத்தில் ஒரு டப்பா, அதுதான் டார்க் கன்வெர்ட்டர், உள்ளே முழுக்க ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய். எஞ்சினோடு சுற்றும் பம்ப் எண்ணெயை வீசியடிக்க, அந்த அடியில் எதிரே இருக்கும் டர்பைன் என்ற இறக்கைச் சக்கரம் சுற்றி கியர்பாக்ஸைச் சுழற்றும். ஆக்சிலரேட்டரை அழுத்தாத ஐடிலில் அடி பலவீனம், பிரேக் டர்பைனைப் பிடித்து நிறுத்தினாலும் எண்ணெய் வழுக்கிக்கொண்டு போய்விடும், எஞ்சின் திணறாது. பிரேக்கை விட்டதும் கார் தானாக ஊர்வதும் இதே அடியால்தான்.

இரண்டு மின்விசிறியை எதிரெதிரே வைத்து, ஒன்றின் காற்றில் மற்றது சுற்றுவதைக் காட்டுவார்களே, அது பாதிக் கதை. அதில் இழுவை அதிகமாகாது. இழுவையை அதிகமாக்குவது நடுவில் இருக்கும் ஸ்டேட்டர், எனக்கு இந்தப் பொருளிலேயே மிகப் பிடித்த பாகம். டர்பைனில் மோதித் திரும்பும் எண்ணெய் பம்ப் சுற்றும் திசைக்கு எதிராக வரும், விட்டால் பம்பையே தடுக்கும். ஸ்டேட்டரின் வளைந்த இறக்கைகள் அதை மடக்கி, பம்ப் சுற்றும் பக்கமாகவே அனுப்புகின்றன. ஒன்வே கிளட்ச் இருப்பதால் ஸ்டேட்டர் பின்பக்கம் சுற்ற முடியாது, அந்த உதையைத் தாங்கி நிற்கும். பலன், கிளம்பும்போது எஞ்சின் தரும் டார்க், அதாவது சுழற்றும் விசை, ஏறக்குறைய 2 மடங்காக டர்பைனுக்குப் போகும். நாலு பேரோடு எச்டிபி குடியிருப்பின் மல்டி ஸ்டோரி கார்பார்க் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கை கொடுப்பது இதுதான். 1905இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோட்டிங்கர் இதற்குக் காப்புரிமை வாங்கியதும் கப்பலுக்காக, வேகமாகச் சுற்றும் கப்பலின் டர்பைன் எஞ்சினால் மெதுவான புரொபெல்லரைச் சுழற்ற வேண்டியிருந்தது.

வழுக்கலுக்கு விலை சூடு. உட்லண்ட்ஸ் காஸ்வே நெரிசலில் ஊரும்போது வீணாகும் சக்தி எண்ணெயைத்தான் கொதிக்க வைக்கிறது, அடிக்கடி ஜொகூர் போகிறவர்கள் ஏடிஎஃப் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வழுக்கலை நிறுத்தத்தான் வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு லாக்கப் கிளட்ச் பம்பையும் டர்பைனையும் ஒன்றாகப் பூட்டிவிடும். பிஐஇ விரைவுச்சாலையில் சீராக மணிக்கு 80 கி.மீ.யில் போகும்போது ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்திப் பாருங்கள், ஆர்பிஎம் முள் தனியாகத் தாவவில்லை என்றால் பூட்டியிருக்கிறது. அந்த நேரத்தில் மேடுபள்ளத்தில் ஓடுவது போல அதிர்ந்தால், கியர்பாக்ஸையே மாற்ற ஒத்துக்கொள்ளும் முன் எண்ணெயைச் சோதிக்கச் சொல்லுங்கள்.