சனிக்கிழமை மிட்டாயை ஸ்வீடிஷ்ல கேக்கட்டும்

கேள்வி: என் வீட்டுக்காரர் ஸ்வீடன்காரர், நாங்க இருக்கறது டெக்சாஸ்ல. பொண்ணு இங்கதான் பொறந்தா, 5 வயசு. அவர் ஸ்வீடிஷ்ல கேட்டா இவ இங்கிலீஷ்ல பதில் சொல்றா. பேத்திக்கு நம்ம வழக்கம் எதுவுமே தெரியலையேன்னு மாமியார் போன்ல ஒரே புலம்பல். எங்கேருந்து ஆரம்பிக்கறது?

பதில்: உங்க மாமியார் புலம்பல் இன்னிக்கு நேத்து வந்தது இல்லீங்க. 1850லேருந்து 1930க்குள்ள ஏறத்தாழ 13 லட்சம் ஸ்வீடன்காரங்க அமெரிக்காவுக்குக் கப்பலேறினாங்க, சர்ச் கட்டினாங்க, ஸ்வீடிஷ்ல பேப்பர் நடத்தினாங்க, அப்படியும் பேரப்பிள்ளைங்க காலத்துல பாஷை கரைஞ்சு போச்சு. கான்சாஸ்ல லிண்ட்ஸ்போர்க்னு அவங்க 1869ல உண்டாக்கின ஊர் இருக்கு, தெருவுக்குத் தெரு டாலா குதிரை, அதாவது ஸ்வீடனோட பாரம்பரிய குதிரை பொம்மை, பெருசா நிக்குது, ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் திருவிழாவும் உண்டு, ஆனா கடைகண்ணியில ஸ்வீடிஷ் பேச்சு காதுல விழாது. 1918ல, முதல் உலகப்போர் சமயம், அயோவா கவர்னர் ஸ்கூல், சர்ச், ஏன் டெலிபோன்ல கூட இங்கிலீஷைத் தவிர எதுவும் பேசக்கூடாதுன்னே உத்தரவு போட்டாரு, அப்புறம் எந்த அம்மாவுக்குப் பிள்ளைகிட்ட பேச தைரியம் வரும்?

அதனால பண்டிகையும் பலகாரமும் எப்படியோ தங்கிடும், பாஷைக்குத்தான் மெனக்கெடணும். ஸ்வீடன்ல பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும்தான், லோர்டாக்ஸ்கூடிஸ்னு சொல்வாங்க. அதை வீட்ல ஆரம்பிங்க, ஒரே ஒரு கண்டிஷன், எந்தக் கலர் வேணும் எத்தனை வேணும்னு அப்பாகிட்ட ஸ்வீடிஷ்ல கேக்கணும். முதல் வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா, பரவால்ல, திட்டாதீங்க. அவரும் பொண்ணுக்காக இங்கிலீஷுக்குத் தாவாம இருக்கணும், நிறைய அப்பாக்கள் கோட்டை விடறது இங்கதான். நீங்களும் தமிழ்ல அப்படியே இருங்க, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு முட்டாது.

அடுத்து டிசம்பர் 13, லூசியாங்கற ஒளிப் பண்டிகை. வெள்ளை அங்கி, இடுப்புல சிவப்பு ரிப்பன், தலையில மெழுகுவத்தி கிரீடம் (பேட்டரி லைட் வச்சதே வாங்குங்க, முடி பத்திரம்). முதல் நாளே குங்குமப்பூ போட்ட பன் மாவை அவ கையில குடுத்து S மாதிரி சுருட்டச் சொல்லி, ரெண்டு சுழியிலயும் ஒவ்வொரு உலர்திராட்சையை அழுத்த விடுங்க, மாவு தரையெல்லாம் ஆகும், ஆகட்டும். லூசியா பாட்டை நவம்பர்லயே பழக்கிடுங்க.

எல்லா வழக்கத்தையும் அப்படியே தூக்கிட்டு வரணும்னு இல்ல. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியோட வெளியில தூங்க விடறது அங்க சாதாரணம், பக்கத்து டென்மார்க்லயும் அப்படித்தான், 1997ல நியூயார்க்ல ஒரு டேனிஷ் அம்மா ஓட்டல் வாசல்ல அப்படி விட்டுட்டு உள்ள சாப்பிடப்போய் போலீஸ்ல மாட்டிக்கிட்டாங்க.

நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா முக்கியம். அப்பா ஸ்வீடிஷ் குடிமகன்னா பொண்ணும் பொறந்தப்பவே குடிமகள்தான், ஆனா வெளிநாட்டுல பொறந்து ஸ்வீடன்ல வசிக்காமலே, பெருசா தொடர்பும் இல்லாம வளர்ந்தா 22 வயசுல அது போயிடலாம். 18 முடிஞ்சதும், 22 ஆகறதுக்கு முன்னாடி, தக்க வச்சுக்க விண்ணப்பம் போடணும். லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போன டிக்கெட்டை எல்லாம் எடுத்து வைங்க, அப்போ கைகொடுக்கும்.

லூசியா அன்னிக்கு மாமியாருக்கு வீடியோ கால் போடுங்க. அங்க 7 மணி நேரம் முன்னாடி ஓடுது, அதனால காலையில ஸ்கூலுக்குக் கிளம்பறதுக்கு முன்னயே பாட வச்சுடுங்க, ராத்திரி போட்டா பாட்டி தூங்கியிருப்பாங்க.