குழுவுக்கு ஒரே மதிப்பெண் தரலாமா?

கேள்வி: மேல்நிலை வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். பாடத்தைப் பற்றிக் கலந்துரையாடச் சொன்னால் நான்கைந்து பேரே பேசுகிறார்கள். மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. வகுப்பு முழுவதற்கும் ஒரே மதிப்பெண் வழங்கும் முறை வெளிநாட்டில் உண்டென்று கேள்விப்பட்டேன். நன்றாகப் பேசும் மாணவருக்கு அது அநீதி ஆகாதா?
– ஆசிரியை ஒருவர், திண்டுக்கல்

பதில்: அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள பிலிப்ஸ் எக்செட்டர் பள்ளிக்கு 1930இல் எட்வர்ட் ஹார்க்னெஸ் என்ற செல்வந்தர் அளித்த பெருங்கொடையால், ஏறத்தாழ 12 மாணவர்கள் நீள்வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து பேசிப் பேசியே பாடம் கற்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. அவ்வழக்கத்தோடு குழு மதிப்பெண்ணையும் இணைத்துச் ‘சிலந்திவலை உரையாடல்’ என வளர்த்தெடுத்தவர் அலெக்சிஸ் விக்கின்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியை. நீங்கள் கேள்விப்பட்டது இதுவாகவே இருக்கக்கூடும்.

இம்முறையில் ஆசிரியர் வட்டத்துக்கு வெளியே அமர்ந்து, ஒரு தாளில் மாணவர் பெயர்களை வட்டமாக எழுதிக்கொண்டு, ஒருவர் பேசி முடித்ததும் அடுத்துப் பேசுபவரை நோக்கி ஒரு கோடு இழுப்பார். மேற்கோள் காட்டினாலும், கேள்வி எழுப்பினாலும், பிறர் பேச்சில் குறுக்கிட்டாலும் பெயருக்கருகே ஒரு குறி. முடிவில் அந்தத் தாளை மாணவர்களே பார்த்து, முன்கூட்டியே அறிவித்த அளவுகோல்களின்படி தங்கள் உரையாடலை எடைபோடுவார்கள். எல்லாக் கோடுகளும் மூன்று பெயர்களுக்கிடையே மட்டும் ஓடியிருந்தால், அம்மூவரும் எவ்வளவு சிறப்பாகப் பேசியிருந்தாலும் முழு மதிப்பெண் கிடையாது.

அநீதி பற்றிய உங்கள் கவலை நியாயமானதே. இந்த மதிப்பெண்ணைத் தேர்வுக் கணக்கில் சேர்த்தால் அது அநீதியேதான், ஆகவே சேர்க்காதீர்கள். அன்றைய உரையாடல் எப்படி அமைந்தது என்று குழுவுக்குக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. தனி மாணவரின் புரிதலை அளக்க, உரையாடல் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதட்டும்; அதற்குத் தனித்தனியே மதிப்பெண் இடுங்கள்.

நல்ல கேள்வி இல்லாவிட்டால் இம்முறை எடுபடாது. ‘கோவலன் கொலைக்கு யார் பொறுப்பு?’ என்று கேட்டுப் பாருங்கள். பொற்கொல்லனின் பொய்யை ஒருவர் சொல்வார். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையிலுள்ள ‘வினைவிளை காலம் ஆதலின்’ என்ற தொடரைக் காட்டி ஊழ்வினையே காரணம் என்பார் இன்னொருவர். அதற்கடுத்த வரியிலேயே ‘தேரான் ஆகி’ (ஆராய்ந்து பாராதவனாகி) என்று இளங்கோவடிகள் பாண்டியனைச் சொல்வதை மூன்றாமவர் எடுத்துக்காட்டுவார். அங்கே முதலிருவரும் தங்கள் கருத்தைத் திருத்திக்கொள்ளவோ வலுப்படுத்தவோ நேர்கிறதே, அதைத்தான் கூட்டுக் கற்றல் என்று நான் மதிக்கிறேன். ஆளுக்கொரு கருத்தைச் சொல்லிவிட்டு அமர்வதையல்ல.

ஐம்பது பேர் உள்ள வகுப்பாயின், உள்வட்டத்தில் 15 பேர் பேசட்டும். வெளிவட்டத்தில் இருப்போருக்கு, உள்ளே பேசும் ஒருவரைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். அடுத்த வகுப்பில் வெளிவட்டத்திலிருந்து இன்னொரு குழு உள்ளே வரட்டும். கூச்சமுள்ள பிள்ளைகளிடம் முதல் நாளே ஒரு கேள்வியை எழுதிவரச் சொல்லுங்கள். அதை வாசித்தாலும் பங்கேற்பே. தொடக்க நாட்களில் நீண்ட மௌனங்கள் வரும். அப்போது நீங்கள் விடை சொல்லிவிட்டால் மாணவர்கள் மறுபடியும் உங்கள் முகத்தையே பார்த்துப் பேசத் தொடங்குவார்கள். ஆகவே பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பொறுத்திருங்கள்.